காகிதக் கன்ட்ரோலர்

கன்ட்ரோலர் கைக்கு வந்ததும் லிங் அக்கா முதலில் அதை முகர்ந்து பார்ப்பார். திருப்பிப் பார்ப்பதும் பொத்தானை அமுக்கிப் பார்ப்பதும் பிறகுதான். மூக்கருகே பிடித்து, கண்ணை மூடி, ஒரே ஒரு மூச்சு. "சிகரெட்டு. அப்புறம் மீன் உருண்டைக் குழம்பு. படுத்துக்கிட்டா விளையாடுவீங்க?" எதிரே நிற்கும் டாக்சி ஓட்டுநர் காது சிவக்கத் தலையாட்டுவார். குழம்பு பட்ட விரல் தொட்டால் பொத்தான் ஒட்டும். தைலம் பட்டால் ரப்பர் ஊறும். நாய் வளர்க்கிற வீட்டிலிருந்து வந்ததைத் திறந்தால் உள்ளே மயிர் நிச்சயம். இதையெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் திருப்புளியை எடுப்பார்.

முழுப்பெயர் மோக் சாவ்-லிங். ஆப்லியூ தெருவில், பழைய செல்போன் விற்கிறவனுக்கும் குடை ரிப்பேர் செய்கிறவருக்கும் நடுவில், அலமாரியைப் படுக்கவைத்தது போன்ற ஒரு பச்சைத் தகரக் கடை அவருடையது. டிவி ரிமோட் பழுதுபார்ப்பதில் தொடங்கியவர். இப்போது வருகிறவர்களில் பாதிப்பேர் சீட்டுக்கட்டு அளவில் ஒரு பச்சை அட்டையைக் கொண்டுவருகிறார்கள். அந்த அட்டையே ஒரு முழுக் கணினி. அந்தக்கால விளையாட்டுப் பெட்டிகளைப் போல வேஷம் கட்டும் எமுலேட்டர் என்ற மென்பொருளை அதில் ஏற்றிவிடுகிறார்கள். வீட்டு டிவியில் மாட்டுகிறார்கள். கடையில் கன்ட்ரோலர் வாங்கிச் செருகுகிறார்கள். அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. எல்லோருடைய புகாரும் ஒன்றுதான்.

"அக்கா, படம் வருது, பாட்டு வருது. கை மட்டும் வரமாட்டேங்குது."

"வரும். முதல்ல அது பேரைக் கேப்போம்."

செருகிய உடனே கன்ட்ரோலர் தன் பெயரை அட்டையிடம் சொல்ல வேண்டும். மலிவு சரக்கில் இந்த ஒழுங்கு கிடையாது. வெளிக்கூடு ஒன்றாக இருக்கும், உள்ளே ஒவ்வொன்றிலும் வேறு வேறு சில்லு. சில கன்ட்ரோலர்கள் அடுத்த கம்பெனியின் பெயரைச் சொல்லும். சில, பெயருக்குப் பதில் வெற்றிடத்தை நீட்டும். "பாரு, அழைக்காத கல்யாணத்துல பேர் சொல்லாம சாப்பிட உக்காந்திருக்கு" என்று லிங் அக்கா அதைத் திட்டுவார். இரண்டு கன்ட்ரோலரும் ஒரே பெயரைச் சொன்னால் இன்னும் தொல்லை. இன்றைக்கு அண்ணன் கையில் இருப்பது முதல் ஆட்டக்காரன், நாளைக்கு டிவியை அணைத்துப் போட்டால் அதுவே இரண்டாவது ஆட்டக்காரன். வீட்டில் சண்டை. அதற்கு அவர் வைத்திருக்கும் வைத்தியம், பெயரைக் கேட்காதே, வயரைச் செருகும் எந்த ஓட்டையில் உட்கார்ந்திருக்கிறது என்று பார், என்று அட்டைக்குச் சொல்லிவைப்பது. "ஆளை நம்பாத. நாற்காலிய நம்பு" என்று சொல்லிக்கொண்டே தட்டச்சு செய்வார்.

ஒரு வேலையை மட்டும் அவர் யாருக்காகவும் செய்ய மாட்டார். புதுக் கன்ட்ரோலரைக் கண்டதும் திரை ஒவ்வொன்றாகக் கேட்கும்: மேலே என்றால் எது, கீழே என்றால் எது, சரி என்றால் எது, வேண்டாம் என்றால் எது. வலப்பக்கப் பொத்தானைச் 'சரி' என்று அமுக்கிப் பழகியவர்கள் உண்டு, அடிப்பக்கத்தை அமுக்கிப் பழகியவர்கள் உண்டு. அதை உரியவர்தான் அமுக்க வேண்டும். "அவசரமா போகணும் அக்கா, நீங்களே அமுக்கிடுங்க" என்று ஒரு நர்ஸ் கெஞ்சினாள். "நான் அமுக்கினா அது என் கைக்குத்தான் பழகும். அப்புறம் உன் வீட்டுல நான் வந்து உக்காரணும். சோறு போடுவியா?"

அவர் விளையாடுவதில்லை. ஒருமுறை கூட ஆடியதில்லை என்று பக்கத்துக் கடைக்காரன் சத்தியம் செய்கிறான். பழுது நீங்கியதும் திரையில் ஒரு குட்டி மனிதன் இடதும் வலதும் ஓடி, ஒருமுறை குதிப்பான். அத்தோடு வயரைப் பிடுங்கிவிடுவார். கடையில் இருக்கிற ஒரே முக்காலியில் சோதனை டிவி உட்கார்ந்திருப்பதால் நாள் முழுக்க நின்றுகொண்டே இருப்பார். எள்ளுச் சாறு ஊற்றிய அரிசிச் சுருளை மூங்கில் குச்சியால் குத்தி, நின்றுகொண்டே சாப்பிடுவார். கழுத்தில் சட்டைக்கு வெளியே சிறிய சிலுவை தொங்கும். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அன்றைக்குச் சர்ச் பாடற்குழுவில் பின்வரிசையில் நின்று, வாயை மட்டும் அசைப்பார் என்று அதே பக்கத்துக் கடைக்காரன் சொல்கிறான். அவனை எவ்வளவு நம்பலாம் என்று தெரியாது.

சீனப் பஞ்சாங்கத்தின் ஏழாம் மாதத்தில் அந்தத் தெருவே சாம்பல் வாடை அடிக்கும். செத்தவர்கள் வந்துபோகிற மாதம்; காகிதத்தில் செய்து எரிக்கிற பொருள் அவர்கள் கைக்குப் போய்ச் சேரும் என்பது நம்பிக்கை. நடைபாதை ஓரமெல்லாம் தகர டின், உள்ளே எரிகிற காகிதம், பக்கத்தில் ஆரஞ்சுப் பழமும் அவித்த கோழியும். லிங் அக்கா அந்த மாதம் முழுக்க முகத்தில் துணிமாஸ்க்கோடு இருப்பார். யாராவது கேட்டால் புகை ஒத்துக்கொள்ளாது என்பார். அப்படி ஒரு பிற்பகலில்தான் யாவ் வந்தார்.

சிவப்பு மினிபஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். வலது தோள் சற்று இறங்கியிருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, மற்ற வாடிக்கையாளர்கள் போகும்வரை குடைக் கடைப் பக்கம் திரும்பி நின்றார்.

"முதலாளியம்மா, என் பையனோட கன்ட்ரோலர் வேலை செய்யல."

"பையனைக் கூட்டிட்டு வாங்க மாமா. அவன் கை இல்லாம நான் ஒண்ணும் பண்ண முடியாது."

யாவ் பையை இன்னும் இறுக்கிச் சுருட்டினார். "பையன் இல்ல. வசந்தத்துல போயிட்டான். முப்பத்திநாலு வயசு. பேரு ஆ-தின்."

லிங் அக்கா கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

யாவ் சொன்னதை அவர் குறுக்கிடாமல் கேட்டார். இழவுக்கு எல்லாம் எரித்தார்கள். மூன்று மாடி வீடு, கார், வேலைக்காரர் இருவர், எல்லாம் நல்ல காகிதம். பையனுக்கு விளையாட்டென்றால் உயிர் என்பதால் நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கில் காகித விளையாட்டுப் பெட்டியும் டிவியும். இந்த மாதம் பிறந்ததிலிருந்து ஆ-தின் அப்பாவின் கனவில் வருகிறான். டிவி முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறான், முதுகு மட்டும் தெரிகிறது. திரையில் ஒரு ஆள் தன்பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்கிறான். ஆ-தின் பொத்தானை அமுக்கு அமுக்கென்று அமுக்குகிறான். அந்த ஆள் எதற்கும் கட்டுப்படுவதில்லை.

"நான் பின்னாடி நின்னு கூப்பிடறேன். திரும்பவே மாட்டேங்கிறான். 'அப்பா, இது வேலை செய்யல'ன்னு மட்டும் சொல்றான். நேத்தும் வந்தான். வீட்டுல அவகிட்ட சொல்லல. இப்பத்தான் ராத்திரியில கொஞ்சம் கண்ணசர்றா. இதைச் சொன்னா அதுவும் போயிடும்."

"மாமா, நான் சர்ச்சுக்குப் போறவ. இந்த எரிக்கறது, கனவுல வர்றது, இதுல எல்லாம் எனக்கு..." லிங் அக்கா சிலுவையைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தார். "எனக்கு ஒத்துவராது."

"தெரியும். பக்கத்துத் தம்பி சொன்னாரு. வேற யாரைக் கேக்கறதுன்னு தெரியல. தப்பா எடுத்துக்காதீங்க." அவர் திரும்பி நாலடி நடந்துவிட்டார்.

"மாமா." லிங் அக்கா மாஸ்க்கைக் கீழே இறக்கினார். "அடாப்டர் எரிச்சீங்களா?"

"என்னது?"

"கரண்ட்டுக்கு. நெறைய பேர் பழைய போன் சார்ஜர்ல ஓட்டுவாங்க. மெஷின் பாதிப் பட்டினியில கிடக்கும், கன்ட்ரோலர் செத்துச் செத்துப் பிழைக்கும்."

"மூணு மாடி வீடாச்சே. அதுல கரண்ட் இருக்காதா?"

"இருக்கும்னு வச்சுப்போம். மெஷினையும் கன்ட்ரோலரையும் ஒண்ணாத்தானே எரிச்சீங்க?"

யாவ் யோசித்தார். இல்லை. பெட்டியோடு கன்ட்ரோலர் வரவில்லை. தனியாக வாங்க வேண்டும் என்று அன்றைக்குத் தெரியவில்லை. இந்த மாதப் பிறப்பன்று மனைவிதான் நினைவுபடுத்தினாள், 'பையன் எதைப் பிடிச்சு விளையாடுவான்' என்று. ஓடிப்போய் வாங்கிவந்து தனியாக எரித்தார்கள்.

"அதான்" என்றார் லிங் அக்கா. "மெஷின் முன்னாடியே போய் ஓட ஆரம்பிச்சாச்சு. கன்ட்ரோலர் பின்னாடி போயிருக்கு. ஓடிக்கிட்டிருக்கும்போது செருகினா சில மெஷின் கண்டுக்கவே கண்டுக்காது. செருகிட்டுத்தான் உயிர் குடுக்கணும்."

"அப்ப தப்பு என் பேர்லதான்."

"தப்பு என்ன தப்பு. இந்தத் தெருவுல தினம் நாலு பேர் இதையே பண்ணிட்டு வந்து நிக்கறாங்க. உங்களுக்கு முன்னாடி நின்னுச்சே ஒரு பொண்ணு, அவளும் இதுக்குத்தான் வந்தா."

அந்தப் பெண் ஒரு சார்ஜர் வயர் வாங்கத்தான் வந்திருந்தாள். ஆனால் யாவ் அன்றைக்கு முதல் தடவையாக நெஞ்சு நிறைய மூச்சு விட்டார்.

அந்த விளையாட்டுப் பெட்டியைச் செய்துகொடுத்த காகிதக் கடை இரண்டு சந்து தள்ளி இருக்கிறது. அதன் உரிமையாளர் பூன், மூங்கில் பிளாச்சுகளுக்கு நடுவே முழங்காலை மடித்து உட்கார்ந்து காகிதக் கப்பல் ஒட்டிக்கொண்டிருந்தார். லிங் அக்கா கடைக்குள் நுழையவில்லை. யாவோடு வாசற்படிக்கு வெளியே நின்றே விஷயத்தைச் சொன்னார்.

"என் சரக்கு வேலை செய்யலையா?" பூன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "என் கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து இதைச் செய்யறேன். ஒருத்தர் திரும்பி வந்து புகார் சொன்னதில்ல."

"திரும்பி வந்திருந்தா நீங்க கடையை அப்படியே போட்டுட்டு ஓடியிருப்பீங்க."

"இவரு கனவு கண்டதுக்கு நானா பொறுப்பு?"

"பெட்டியில எத்தனை ஓட்டை வச்சீங்க?"

"நாலு. அசல்ல இருக்கற மாதிரியே. ரெண்டு கறுப்பு, ரெண்டு நீலம்."

"வச்சீங்களா, வரைஞ்சீங்களா?"

பூன் கண்ணாடியை மறுபடி மூக்குக்கு இறக்கினார். வரைந்துதான் இருந்தார்.

"வரைஞ்ச ஓட்டையில எதைச் செருகறது? வெட்டணும். வயரோட முனை அதுல போய் உக்காரணும். உள்ள ஒரு அட்டை வேணும், இந்த அளவு. அதுல மெமரி கார்டு வேணும்."

"உள்ள என்ன இருக்குன்னு அங்க யாரும்மா திறந்து பாக்கப் போறா?"

"என் கிட்ட வர்ற நூறு பேர்ல தொண்ணூறு பேர் திறந்து பாத்துட்டுத்தான் வர்றாங்க. இவன் அந்த ஜாதி."

"உண்மையான கார்டே ஒண்ணு போட்டுடுவோமே? சின்னதுதானே."

"அது எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும். நிஜப் பொருள் போகாது, காகிதம்தான் போகும்." பூன் இதைச் சொல்லிவிட்டு அவர் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார். "நீங்க சர்ச்சுக்காரங்கதானே?"

"அதுக்கு என்ன. ஓட்டைன்னா ஓட்டைதான். எப்ப தருவீங்க?"

யாவ் முன்னால் வந்தார். பணத்தை எடுக்கப் பைக்குள் கைவிட்டதும் பூன் கையை ஆட்டி மறுத்தார். வாங்கிக்கொண்டால் பழுது தன்னுடையதென்று ஆகிவிடும், வேண்டாம், இது மரியாதைக்கு, என்றார். பழுதை ஒப்புக்கொண்டவர்கள்தான் பணம் வாங்க மாட்டார்கள் என்று லிங் அக்கா போகிறபோக்கில் சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் யாவ் அதே பிளாஸ்டிக் பையைப் பிரித்தார். ஆ-தின் பல வருடம் வைத்திருந்த நிஜக் கன்ட்ரோலர், சாம்பல் நிறம். லிங் அக்கா வழக்கம்போல் முகர்ந்தார். கண்ணைத் திறந்து, மறுபடி முகர்ந்தார்.

"தொடைச்சிட்டீங்களா?"

"அவங்க அம்மா. ஸ்பிரிட்டு போட்டு. அவனோட எல்லாத்தையும் தொடைச்சு வச்சுட்டா."

லிங் அக்கா திருகாணிகளைக் கழற்றினார். ஸ்பிரிட் உள்ளே போகவில்லை. பொத்தான்களுக்கு அடியில் ரப்பர் விரிப்பு அப்படியே இருந்தது, எந்த விரல் எங்கே உழைத்தது என்று தேய்மானம் காட்டிக்கொடுத்தது. வலப்பக்கப் பொத்தான் கரைந்துபோயிருந்தது. அடிப்பக்கம் அவ்வளவு இல்லை. நடுவில் இருந்த சின்னப் பொத்தானைப் பார்த்ததும் அவர் விளக்கை இழுத்துக் கிட்டே பிடித்தார்.

"இது ஆட்டத்தை நிறுத்திவைக்கிற பொத்தான். இதை யாரும் இந்த அளவுக்குத் தேய்க்க மாட்டாங்க. எதுக்கு இப்படி அமுக்கியிருக்கான்?"

யாவ் குனிந்து பார்த்தார். மினிபஸ் ஸ்டியரிங்கில் காய்ப்பு ஏறிய விரலால் அந்த ரப்பரைத் தொட்டார்.

"நான் கடைசி நடை முடிச்சுக் கதவைத் திறப்பேன். சாவிச் சத்தம் கேட்டதும் ஒண்ணை அமுக்குவான். அப்படியே எல்லாம் நின்னு போகும். திரும்பி, 'சாப்பிட்டியாப்பா'ம்பான். அப்புறம்தான் மறுபடி ஆட்டம்." அவர் கையை எடுத்துக்கொண்டார். "என்னென்ன விளையாடினான்னு எனக்குத் தெரியாது. எப்படிப் பிடிப்பான்னு கூடப் பாத்ததில்ல. இந்தப் பொத்தான் ஒண்ணுதான் எனக்குத் தெரியும்."

பக்கத்துக் கடைக்காரன் ஏதோ கேட்க எட்டிப் பார்த்தான். லிங் அக்கா அவனைப் பார்த்த பார்வையில் அப்படியே உள்ளே போய்விட்டான்.

கன்ட்ரோலரை மூடிச் சோதனை அட்டையில் செருகினார். திரை கேட்கத் தொடங்கியது. மேலே எது?

"நீங்க அமுக்குங்க மாமா."

"நானா? என் கைக்குல்ல பழகிடும்? நேத்து யாரோ ஒரு பையன்கிட்ட நீங்கதானே சொல்லிக்கிட்டிருந்தீங்க."

"உங்க கைக்குப் பழகலாம். ஒரே வீட்டுக் கைதானே. எதை அமுக்கணும்னு நான் ரப்பரைப் பாத்து சொல்றேன்."

யாவ் கியர் போடுவது போல் மொத்தத் தோளையும் கொடுத்து அமுக்கினார். "மெதுவா. இது பஸ் இல்ல, சிக்னல் விழுந்துடாது." மேல், கீழ், இடம், வலம். சரி என்றால் வலப்பக்கம். வேண்டாம் என்றால் அடிப்பக்கம். நடுப்பொத்தான் வந்தபோது லிங் அக்கா சொல்வதற்கு முன்பே அமுக்கிவிட்டார். திரையில் குட்டி மனிதன் தோன்றினான். லிங் அக்கா வயரைப் பிடுங்கவில்லை. யாவ் அவனை இடதும் வலதுமாக நடக்கவைத்தார். ஒருமுறை குதிக்கவைத்தார். பிறகு நடுப்பொத்தானை அமுக்கி, அவன் காலைத் தூக்கியபடி நின்றுவிட்டதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அமுக்கியவை எல்லாம் அட்டைக்குள் எண்களாக எழுதப்பட்டிருந்தன. முதல் வரியில் கன்ட்ரோலரின் பெயர், அடுத்து ஒவ்வொரு பொத்தானுக்கும் ஓர் எண். பூன் கொடுத்தனுப்பிய மெல்லிய காகிதத்தில் லிங் அக்கா அவற்றைப் பென்சிலால் பார்த்துப் பார்த்து எழுதி, மெமரி கார்டு அளவுக்கு மடித்துத் தந்தார். எழுதும்போது உதட்டால் ஒவ்வொரு எண்ணையும் சொல்லிக்கொண்டார். சர்ச் பாட்டுக்கு அசைக்கிற அதே அசைவுதான் போலிருக்கிறது.

எரிக்கிற இடத்துக்கு வர மாட்டேன் என்று சொல்லியிருந்தார். ஆனால் அன்று மாலை யாவின் குடியிருப்புக்குக் கீழே, நடைபாதைக் கம்பிவேலிக்கு அந்தப்பக்கம், மாஸ்க்கோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சும்மா அந்த வழியாகப் போவதாகச் சொன்னார். அவருடைய வழி அந்தப் பக்கம் இல்லை. யாவின் மனைவி மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாள், எழுப்ப வேண்டாமென்று யாவ் தனியாக இறங்கி வந்திருந்தார்.

பூன் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். காகிதப் பெட்டியில் நாலு ஓட்டையும் கத்தியால் வெட்டப்பட்டிருந்தன. உள்ளே பச்சை அட்டை, அடாப்டர், அதற்கு ஒரு பிளக். கன்ட்ரோலரின் நடுப்பொத்தானை யாரும் கேட்காமலே சிவப்பில் ஒட்டியிருந்தார். யாவ் மடித்த காகிதத்தை உள்ளே வைத்தார். வயரின் முனையைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"முதலாளியம்மா, எந்த ஓட்டை?"

"எதுல வேணா போடுங்க."

"நாற்காலிய நம்புன்னு சொல்லுவீங்களாமே."

"அது ரெண்டு பேர் ஆடினா. கறுப்புல போடுங்க. மேல இருக்கறதுல."

யாவ் செருகினார். இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். எல்லாவற்றையும் ஒன்றாகத் தூக்கித் தகர டின்னுக்குள் இறக்கி, மூன்று ஊதுபத்தியைக் காட்டிவிட்டுத் தீக்குச்சியைக் கிழித்தார். "ஆ-தின், இந்தத் தடவை செருகியே அனுப்பறேன்பா. வாங்கிக்க" என்றார். சாதாரணமாகப் பேசுகிற குரல்தான்.

தீ அடியிலிருந்து ஏறியது. பெட்டியின் ஒரு மூலை கறுத்துச் சுருண்டது. அதே நேரம் கட்டடங்களுக்கு நடுவே புகுந்த காற்று டின்னுக்குள் இறங்கி, கன்ட்ரோலரைப் புரட்டிப் போட்டது. காகித வயர் முறுக்கிக்கொண்டு எழும்ப, அதன் முனை ஓட்டையிலிருந்து பாதி வெளியே வந்துவிட்டது. யாவ் வெறுங்கையை உள்ளே நீட்டினார். அனல் தள்ளியது. மறுபடி நீட்டினார்.

லிங் அக்கா கம்பிவேலியைச் சுற்றிக்கொண்டு வரவில்லை. முழங்காலைத் தூக்கி மேலேயே தாண்டி வந்தார். டின்னில் சாய்த்திருந்த நீளமான இடுக்கியை எடுத்து, குனிந்து, வயரின் முனையைப் பிடித்து ஓட்டைக்குள் தள்ளினார். காற்று நின்ற பிறகும் விடவில்லை. சிலுவை சட்டையை விட்டு விலகித் தீக்கு மேலே தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. பெட்டியில் பிடித்த தீ வயருக்குத் தாவி, வயர் வழியாகச் சிவப்புப் பொத்தான்வரை போய், எல்லாம் ஒரே சாம்பலாக உட்காரும்வரை, சுடத் தொடங்கிவிட்ட இடுக்கியை அவர் அந்த இடத்திலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.